வயலுக்கு மேலால் கம்பி தாழ்ந்தால் யாருக்கு எழுதுவது?

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் பெரும்போக அறுவடை தொடங்கினால் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்க வேணும். மேலால் போகிற கரண்ட் கம்பி தாழ்ந்து கிடந்தால் மெசின்காரன் வரப்பிலேயே நின்றுவிடுவான். தடியால் கம்பியைத் தூக்கிப் பிடித்து மெசினை விடுகிற வேலை மட்டும் வேண்டாம். உயிர் போகும். முதல் வேலை, மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1987க்கு அழைத்துச் சொல்வதுதான். முறைப்பாட்டு இலக்கம் கேட்டு எழுதி வையுங்கள்.

அதோடு நிற்காமல் கடிதமும் போக வேணும். எங்கட கமக்காரர் அமைப்புக்குக் கடிதம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாருடைய கம்பி என்று தெரியாமல் எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை அலையும்.

அண்ணாந்து பாருங்கள். பெரிய இரும்புக் கோபுரங்களில் போவது 132 கிலோவோல்ட், அது தூர இடங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிற கடத்தல் பாதை. சீமெந்துத் தூண்களில் மூன்று கம்பியாகப் போவது பெரும்பாலும் 33 கிலோவோல்ட். வீடுகளுக்கு வருவது 400 வோல்ட். இவை இரண்டும் ஊருக்குள் மின்சாரம் பகிர்கிற விநியோகம். தூணில் இலக்கம் இருந்தால் குறியுங்கள், படமும் எடுங்கள். தனியார் சூரிய மின் நிலையத்தின் வேலிக்குள் இருப்பது வேறு கணக்கு.

முன்பு இந்தப் பிரிப்பு அவ்வளவு தேவைப்படவில்லை. 1969இன் 17ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இலங்கை மின்சார சபைதான் எல்லாம். 1983இல் உருவான லெகோ என்கிற லங்கா மின்சாரக் கம்பனி நீர்கொழும்பு தொடங்கிக் காலி வரை மேற்குக் கரையோடு சரி, எங்கட பக்கம் இல்லை. 2024இன் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. 2025இன் 14ஆம் இலக்கத் திருத்தம் அவற்றை அரசுக்கே சொந்தமான கம்பனிகளாக வைத்தது. கடத்தல் ஒரு கம்பனி, விநியோகம் இன்னொன்று. அதனால்தான் கம்பியைப் பார்க்கச் சொன்னேன்.

அந்த 2024 சட்டத்தைத் தமிழிலேயே வாசியுங்கள், அரச அச்சக இணையத்தளத்தில் கிடைக்கும். முழுவதும் தேவையில்லை. முதலாம் பிரிவில் அமுலுக்கு வரும் திகதி பற்றிச் சொல்லியிருக்கும். பாராளுமன்றம் நிறைவேற்றினால் எல்லாப் பிரிவும் அன்றே உயிர்பெறாது, அமைச்சரின் வர்த்தமானிக் கட்டளையும் வேணும். பிறகு சொத்து, பொறுப்பு, ஒப்பந்தங்கள் யாருக்கு மாறுகின்றன என்ற பிரிவைத் தேடுங்கள். வாப்பா, அப்பா காலத்தில் மின் இணைப்புக்குக் கட்டிய வைப்புப் பணப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறவர்களுக்கும் அந்தப் பிரிவுதான் ஆதாரம். பெயர்ப்பலகை மாறிவிட்டது என்று சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

கடிதத்தைப் பிரதேச மின் பொறியியலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊர், வயல் கண்டம், கம்பி எந்த வகை, தூண் இலக்கம், முறைப்பாட்டு இலக்கம், அறுவடை தொடங்கும் நாள், இவ்வளவு போதும். கிராம சேவகருக்கும் ஒரு பிரதி. பதில் வராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2002இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அந்த ஆணைக்குழுதான் மின்துறையை ஒழுங்குபடுத்துகிறது.

'இது எங்கட கம்பி இல்லை' என்று யாரும் தட்டிக்கழித்தால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக்கு 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்கு உள்ள கம்பனியையும் அது கட்டுப்படுத்தும். ஆகவே 'நாங்கள் இப்போது கம்பனி' என்ற பதில் செல்லாது. 'இந்த இலக்கத் தூண் யாருடைய பொறுப்பில் உள்ளது, கடைசியாகப் பரிசோதித்த திகதி என்ன' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேணும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.