அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கும் முன்

1925-இல் லயன்ஸ் சங்கங்களின் மாநாட்டில் பேசிய, பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்குத் துணைநிற்க வாருங்கள் என்று அழைத்தார். அன்று முதல் கண் தொடர்பான சேவை அந்தச் சங்கங்களின் அடையாளமாகிவிட்டது. பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரிப்பதும் அதில் ஒன்று. அவற்றைத் தரம் பிரிக்கும் மேசையில் நான் தொண்டாற்றுகிறேன். இறந்துபோன அப்பா, அம்மாவின் கண்ணாடியைக் கொண்டுவந்துவிட்டு, கொடுக்கக் கை வராமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கண்ணாடியைக் கழுவிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, தேய்மானத்தைப் பாருங்கள். என் அப்பாவின் கண்ணாடியில் காதில் மாட்டும் முனை பல் பட்டுக் குழிந்திருக்கும். கூட்டல் சரிவராதபோதெல்லாம் கழற்றிக் கடிப்பார். மேசைக்கு வந்த யாருடையதோ ஒரு கண்ணாடியில் அதே பல்தடத்தைப் பார்த்தேன். அப்பா எண்களை முணுமுணுக்கும் குரல், மறந்தே போயிருந்த குரல், அப்படியே காதில் கேட்டது. இத்தகைய தடங்களை அருகிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காதில் மாட்டும் பகுதியின் உட்புறத்தைப் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல் எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், இரு லென்ஸ்களுக்கு இடையிலான மூக்குப் பாலம், காதில் மாட்டும் பகுதியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். அவர் முகத்துக்குப் பொருந்திய அளவு அது, குறித்துவையுங்கள்.

பிறகு லென்ஸை அச்செழுத்தின்மேல் சற்று உயர்த்திப் பிடியுங்கள். எழுத்து பெரிதானால் பிளஸ் பவர், சிறுத்தால் மைனஸ், அதாவது தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரியாதவர்களுக்கானது. அப்பாவினுடையதில் எழுத்து நன்றாகவே சிறுத்தது. கண்ணாடி உடைந்திருந்த நாட்களில், தெருமுனையிலிருந்து நான் கையசைத்தும் அவர் திரும்பாமல் போனதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

நினைவுக்கு வந்ததை அன்றிரவே எழுதுங்கள். உடன்பிறந்தவர்களிடமும் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக. கூட்டமாகக் கேட்டால் மூத்தவர் சொல்வதே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். என் தம்பிக்குப் பல்தடம் நினைவில் இல்லை; படிக்கும்போதே தூங்கிவிடும் அப்பாவின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி வைப்பது அவன் வேலையாக இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் பல கண்ணாடிகள் இருந்தால், உடைந்ததையோ லென்ஸில் ஆழமாகக் கீறல் விழுந்ததையோ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அது பிறருக்கு உதவாது. நல்லதை மிதமான சோப்பு நீரில் கழுவி, மென்துணியில் சுற்றிக் கொடுங்கள். கண்ணாடியை வைக்கும் கூட்டுக்குள் பெயர்ச்சீட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். பவரை நாங்கள் கருவியில் அளந்து எழுதிக்கொள்வோம்.