ரீல்ஸ் பாத்துட்டு எனக்கும் ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை) இருக்குன்னு தோணுதா? மொதல்ல இத பண்ணுங்க

ஏடிஹெச்டி பத்தி ரெண்டு ரீல்ஸ் முழுசா பாத்தா போதும், அல்காரிதம் அதையே திருப்பித் திருப்பி காட்டும், அப்புறம் சாவிய மறந்தா கூட ஏடிஹெச்டின்னு தான் தோணும். 2022ல வந்த கனடா ஆய்வுல, ஏடிஹெச்டி பத்தின பிரபலமான 100 டிக்டாக் வீடியோல 52 தப்பா வழிகாட்டுதாம்.

ஒரு நோட்டுல எழுதுங்க: இந்த மறதி, கவனச்சிதறல் எல்லாம் 12 வயசுக்கு முன்னாடியே இருந்துச்சா, வீடு வேலைன்னு ரெண்டு எடத்துலயும் படுத்துதா, 6 மாசத்துக்கு மேல இருக்கா. பழைய ரிப்போர்ட் கார்டு கெடச்சா எடுத்து வைங்க, அம்மாகிட்டயும் கேளுங்க (நம்ம ஞாபகத்த நம்ப முடியாது). தூக்கமில்லைன்னாலும் பதட்டம் இருந்தாலும் கவனம் இப்படித்தான் சிதறும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஆன்லைன் டாக்டர் தப்பில்ல, ஆனா பத்து நிமிஷ கால்ல பிபி கூட கேக்காம ஸ்டிமுலன்ட் மாத்திரை (ஏடிஹெச்டிக்கு குடுக்கற, மூளைய தூண்டுற மருந்து) எழுதினா வேற டாக்டர பாருங்க, அது பிபியயும் இதயத்துடிப்பையும் ஏத்தும். ஃப்ரெண்டோட மாத்திரைய சும்மா போட்டுப் பாக்கவே வேணாம்.