இசைத் திருவிழாக்களில் சமையல் கூடார வேலை: முதல் தடவை போகிறவர்களுக்கு

திறந்தவெளி இசைத் திருவிழாவுக்குப் போக ஆசை, டிக்கெட் விலைதான் கட்டுப்படியாகவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் நுழைவாயில் வாலண்டியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே போட்டி அதிகம். அதே மைதானத்தில் சாப்பாட்டுக் கூடாரக்காரர்கள் கடைசி வாரம் வரை ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். வெங்காயம் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் தயாராக இருந்தால் உங்களுக்கு இடம் உண்டு.

நான் கோடையில் பிரிட்டன் பக்கம் இந்த வேலைக்குப் போய்வருகிறேன். அதனால் சட்டம், விதி என்று சொல்வதெல்லாம் அந்த நாட்டுக் கணக்கு. விண்ணப்பம் எழுதுவது, கூடாரம் அடிப்பது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்று விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்தச் சமையலறை?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாப்பாட்டுக் கடையாகத் தெரியும். உள்ளே மூன்று தனித்தனி உலகங்கள்.

முதலாவது, பொதுமக்களுக்கு விற்கும் ஸ்டால். இங்கே கூட்டம் மேடையைப் பார்த்து நகரும். பெரிய குழு வாசிக்கும்போது ஈ ஓட்டுவீர்கள். அவர்கள் கடைசிப் பாட்டை முடித்ததும் மைதானமே பசியோடு உங்களை நோக்கித் திரும்பும். முக்கிய மேடைக்குப் பக்கத்து ஸ்டால் என்றால் எல்லாம் காதில் விழும், எதுவும் கண்ணில் படாது.

இரண்டாவது, க்ரூ கேட்டரிங். மேடை கட்டுகிறவர்கள், ஒலி, ஒளிக்காரர்கள், பாதுகாவலர்கள் ஆகியோருக்கான சமையல். மூன்றாவது, மேடைக்குப் பின்னால் கலைஞர்களுக்கான சமையல். யார் என்ன சாப்பிடுவார், என்ன சாப்பிடமாட்டார் என்று ஒப்பந்தத்தோடு பட்டியலே வரும். அங்கே அனுபவமில்லாதவர்களை அவ்வளவாக எடுப்பதில்லை. எடுத்தாலும், யாரோடும் செல்ஃபி கேட்காதீர்கள்.

முதல் தடவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு க்ரூ கேட்டரிங்கைத் தேர்ந்தெடுங்கள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தெரியும். காசு வாங்கிச் சில்லறை கொடுக்கும் வேலை இல்லை, டோக்கன் மட்டும் வாங்கிப்போட்டால் போதும். குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணும் வரிசையும் இல்லை. இன்னொரு வசதி, வாசல் திறப்பதற்குப் பல நாள் முன்பே மேடை கட்டும் ஆட்கள் வந்துவிடுவதால் சமையலும் அப்போதே தொடங்கிவிடும். உங்கள் வேலை நேரத்தில் ஒரு பகுதியை முதல் பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம்.

படி 2: யார், எதற்குப் பதிலாக, என்ன தருகிறார்கள்?

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய படி இது. ஏற்பாடுகள் மூன்று விதம்.

சம்பள வேலை: மணிக்கு இவ்வளவு என்று பணம், கூடவே நுழைவு, சாப்பாடு.

சங்கத்துக்காக உழைப்பது: நீங்கள் வேலை செய்வீர்கள், அதற்கான பணம் உங்கள் சங்கத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போகும். டென்மார்க்கில் 1971-இல் தொடங்கிய ரோஸ்கில்ட திருவிழா லாப நோக்கமில்லாதது, சுமார் 30,000 வாலண்டியர்களை நம்பி நடக்கிறது. அங்கே பல ஸ்டால்களை விளையாட்டுக் கழகங்களும் சங்கங்களும்தான் நடத்துகின்றன. பிரிட்டனில் ஒர்க்கர்ஸ் பீர் கம்பெனி என்ற அமைப்பு தொழிற்சங்கங்கள், இயக்கங்களிலிருந்து ஆட்களைத் திருவிழா மதுக்கூடங்களுக்கு அழைத்துப்போகிறது. அவர்கள் உழைத்த கூலி அந்தந்த அமைப்புக்கே சேரும்.

மூன்றாவதுதான் சிக்கல்: லாபத்துக்காக நடக்கும் தனியார் கேட்டரிங்காரர் ஒருவர் ‘வாலண்டியரா வாங்க, டிக்கெட் இலவசம்’ என்பது. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ‘தன்னார்வப் பணியாளர்’ என்ற விலக்கைத் தொண்டு நிறுவனங்களுக்கும் அவை போன்ற அமைப்புகளுக்கும்தான் தருகிறது. சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும் என்று ஒரு தனியார் முதலாளி கட்டளையிட்டால் அது வேலை, அதற்கு ஊதியம் தர வேண்டும். டிக்கெட்டின் விலையை அந்த ஊதியத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இப்படி விளம்பரம் வந்தால் நான் பதில்கூடப் போடுவதில்லை.

மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. பட்டப்படிப்பு நிலையில் இருக்கும் பெரும்பாலானோருக்குக் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. ஊதியமில்லாத வேலையும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரும். அதைவிட முக்கியம், சுயதொழில் அறவே கூடாது. சில ஸ்டால்காரர்கள் ‘பில் போட்டுக் கொடுங்க, மொத்தமா காசு தர்றேன்’ என்பார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் காகிதத்தில் நீங்கள் சுயதொழில் செய்பவராகிவிடுவீர்கள், விசா நிபந்தனை அங்கேயே உடைகிறது. சம்பளப் பட்டியலில் சேர்த்து, ஊதியச் சீட்டு தருகிறாரா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

(பின்சேர்க்கை: ‘கோடை விடுமுறைதானே, முழு நேரமும் செய்யலாமே?’ என்று எம்எஸ்சி படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இளநிலைப் பட்டம் படிக்கிறவர்களுக்கு அது சரி. ஓராண்டு முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு எழுதும் கோடை மாதங்களும் கல்விப் பருவமாகவே கணக்காகும், ஆக அதே 20 மணி நேரம்தான். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பருவத் தேதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.)

படி 3: ஷிஃப்ட் அட்டவணை, ரிஸ்ட்பேண்ட்

‘மொத்தம் எத்தனை மணி நேரம்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘எந்த எந்த நேரம்?’ என்று கேட்பவர் குறைவு. சனிக்கிழமை இரவு ஒன்பது மணி ஷிஃப்டும் காலை ஆறு மணி ஷிஃப்டும் ஒன்றல்ல. டெபாசிட் (எல்லா ஷிஃப்டையும் முடித்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம்) கட்டும் முன் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். நான் எப்போதும் காலை ஷிஃப்ட் கேட்பேன். காலை உணவு முடித்து, மதியத்துக்கு நறுக்கிக்கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு வெளியே வந்தால் சாயங்காலமும் இரவும் நம்முடையது. பெரிய பெயர்கள் எல்லாம் அப்போதுதான் மேடையேறும். ஆனால் தூங்க இடம் வேண்டுமே. பொதுக் கூடாரப் பகுதியில் விடியும்வரை கொட்டமடிப்பார்கள், அதனால் பணியாளர் கூடாரப் பகுதியில்தான் இடம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வேலையில்லாத நேரத்திலும் உங்கள் ரிஸ்ட்பேண்ட் (நுழைவுக்காக மணிக்கட்டில் கட்டும் பட்டை) மேடைப் பக்கம் போக அனுமதிக்குமா என்பதையும் கேளுங்கள். சிலவகைப் பட்டைகள் பின்பக்கப் பணிப் பகுதியோடு நின்றுவிடும்.

அப்புறம் வாசல். ஒரு முறை கேட்டரிங்காரர் எங்கள் பெயர்களை அலுவலகத்துக்கு அனுப்பவே மறந்துவிட்டார். முதுகில் மூட்டையோடு நாங்கள் நான்கு பேர் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து அவர் போனை எடுக்கவில்லை, ஏனென்றால் மைதானத்தில் சிக்னலே இல்லை. அதிலிருந்து நான் பின்பற்றுவது இது: கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் ‘பட்டியலில் என் பெயர் எப்படி இருக்கிறது?’ என்று ஒரு குறுஞ்செய்தி. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது. பணியாளர் வாசலின் பெயரையும் எண்ணையும் காகிதத்தில் எழுதிக்கொள்வது. பொதுமக்கள் வாசலில் போய் நின்றால் அங்கிருப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

‘எப்படி இருக்கிறது’ என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் பெயர்கள் இனிஷியலோடு வாழ்பவை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், விண்ணப்பத்தில் நீங்கள் இனிஷியல் போட்டிருப்பீர்கள், வாசலில் இருப்பவர் கடைசிப் பெயரை வைத்து அகரவரிசையில் தேடுவார். கிடைக்காது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

படி 4: சுகாதாரச் சான்றிதழ்

உணவுச் சுகாதாரம் ‘லெவல் 2’ சான்றிதழை இணையத்தில் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உணவைக் கையாள்பவருக்குப் பயிற்சி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் கேட்டரிங்காரர்கள் கேட்பார்கள், இருந்தால் உங்கள் விண்ணப்பம் மேலே போகும்.

அதில் மனதில் நிற்க வேண்டியவை சில. சூடாக வைக்கும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. குளிரவைத்தது 8 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது. வெந்துவிட்டதா என்று பார்க்கப் பெரும்பாலான சமையலறைகள் 75 டிகிரியை அளவாக வைத்திருக்கின்றன. வெப்பமானி ஊசியைத் தட்டின் ஓரத்தில் குத்தினால் எண் அழகாகத்தான் காட்டும், ஓரம் எப்போதும் சூடு. நடுவில், ஆழமாகக் குத்தி, எண் ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். அடுத்த தட்டுக்குப் போகும் முன் ஊசியைத் துடைக்க வேண்டும்.

சோறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு அதில் அதீத நம்பிக்கை. அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று மிச்சச் சோற்றைத் திரும்ப அடுப்பில் ஏற்றும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒவ்வாமை: பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 பொருட்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை எல்லாம் நீங்களே யூகிப்பீர்கள். கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் இருப்பதுதான் நம் ஆட்கள் கோட்டைவிடும் இடம். யாராவது ‘இதில் எள் இருக்கிறதா?’ என்று கேட்டால் யூகித்துப் பதில் சொல்லாதீர்கள். ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாருங்கள். வரிசை காத்திருக்கட்டும்.

படி 5: மூட்டை

செருப்பு கூடாது. மழை பெய்யும் என்று ரப்பர் பூட்ஸ் மட்டும் கொண்டுவருபவர்களும் உண்டு. சேற்றில் நடக்க அது சரி, எட்டு மணி நேரம் நின்றால் பாதம் வெந்துபோகும், எண்ணெய் சிந்திய பலகையில் வழுக்கவும் செய்யும். வழுக்காத அடிப்பாகமும் மூடிய முன்பகுதியும் உள்ள சமையலறை ஷூதான் என் தேர்வு. மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். காதடைப்பான் இரண்டு ஜோடி, தலையில் மாட்டும் விளக்கு, பவர் பேங்க், நிறையக் காலுறைகள். சொந்தக் கத்தி வேண்டாம், வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள். சமையலறையில் கத்தி இருக்கும், மொட்டையாக இருந்தால் தீட்டச் சொல்லுங்கள்.

இரவில் குளிரும். அதற்காக அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், அணைந்துபோன கரியைக்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள்.

படி 6: முதல் ஷிஃப்ட்

பாத்திரமோ வெங்காயமோதான் கிடைக்கும். கொடுத்ததைச் செய்யுங்கள். போனதும் மூன்று இடங்களைக் கண்டுவைத்துக்கொள்ளுங்கள்: கை கழுவும் தொட்டி (அதில் காய் கழுவக்கூடாது), அழுக்குத் தண்ணீர் ஊற்றும் கலன் (புல்லில் ஊற்றினால் ஸ்டாலுக்கே சிக்கல் வரும்), தீயணைப்புச் சாதனம். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிவாயு வால்வு எங்கே என்று கேட்டுவையுங்கள், சிலிண்டரை மாற்றும் வேலையை மட்டும் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

விரலை வெட்டிக்கொண்டால் நீல நிறப் பிளாஸ்திரி தருவார்கள். நீல நிறத்தில் உணவு அரிது, கழன்று விழுந்தால் உடனே கண்ணில் படும்.

பரிமாறும்போது ஒரே கரண்டி, ஒரே அளவு. முதல் நூறு பேருக்குத் தாராளமாக அள்ளிப்போட்டுவிட்டு, இரவுப் பணி முடிந்து வரும் கடைசி ஆட்களுக்கு ரொட்டியை நீட்டினால் திட்டு உங்களுக்குத்தான்.

வாசகர் கேள்விகளுக்குப் பிறகு சேர்த்தவை

‘நான் சைவம், இறைச்சியைத் தொட வேண்டியிருக்குமா?’ விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். முழுக்கச் சைவ சமையலறைகள் நிறைய உண்டு. இங்கிலாந்தின் ஷம்பாலா திருவிழா 2016-இல் இறைச்சியையும் மீனையும் வளாகத்திலிருந்தே எடுத்துவிட்டது.

‘எப்போது விண்ணப்பிப்பது?’ கோடைத் திருவிழாக்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தவறவிட்டால் திருவிழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்கள், அப்போது ஆட்கள் கழன்றுகொள்வார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திருவிழா மேய்ச்சல் நிலத்தில் நடப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு விடுவார்கள், 2018-இல் விட்டார்கள், 2026-உம் அப்படித்தான். அந்த மாதிரி ஆண்டில் அங்கே வழக்கமாகப் போகும் அனுபவசாலிகள் மற்ற திருவிழாக்களுக்கு விண்ணப்பிப்பார்கள், அதனால் இன்னும் சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

‘டெபாசிட் திரும்ப வருமா?’ எல்லா ஷிஃப்டையும் முடித்தால் வரும், பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். கடைசி நாள் கூடாரம் பிரிக்கும் வேலையும் ஷிஃப்டில் சேர்த்தியா என்று பாருங்கள், பலர் அன்று காலை பேருந்தைப் பிடித்துப் போய்ப் பணத்தை இழக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். சம்பளம் வரும்போது ஊதியச் சீட்டில் உள்ள மணிக்கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.