பஞ்சர் கடையில் டயரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். காற்று நிரப்பிக்கொண்டு பக்கத்துக் கடைவரை மெதுவாகப் போய்விடலாம். காற்று முழுதும் இறங்கிவிட்டால் ஓட்டவே கூடாது. ஸ்டெப்னி மாற்றுங்கள். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலைக் கடைகள் சிலவற்றில் ஒரு பஞ்சர் நான்காகப் பெருகும் அதிசயம் நடக்கும். சோப்புத் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் ஊசியால் குத்திவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் குமிழி வருகிறதா, குத்திய பொருள் எது என்று காட்டச் சொல்லுங்கள். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை, குமிழி மட்டும் வருகிறது என்றால் சந்தேகப்படலாம். ஒரு பஞ்சருக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பக்கவாட்டில் கிழிந்த டயரை “ஒட்டித் தருகிறேன்” என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அது ஒட்டினாலும் நிற்காது. “டயரே மாற்றணும்” என்றால், சரி, காரணம் கேளுங்கள். டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் அவர் சொல்வது நியாயம். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது.