வீட்டுக் கதையை நாவலாக்கும்போது நேரும் தவறுகள்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், முதல் நாவல் எழுத உட்காரும் பலர் சொந்த வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அம்மம்மா சொன்ன நாளையும் நேரத்தையும் சரிபார்க்காமல் எழுதிவிடுகிறார்கள். நான் அதிகம் காணும் தவறு இது. தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த 1958, 1977, 1983 மூன்றும் முதியவர்களின் நினைவில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். 1983இல் கொழும்பு வன்முறை ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தடியில் தொடங்கி, மறுநாள் நகரெங்கும் பரவியது. 24 ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அப்பாவைக் கந்தோருக்கு அனுப்பினால், அந்த நாளை வாழ்ந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் ஈழத்து இதழ்களை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். இதற்காக அம்மம்மாவின் வாயைத் திருத்தவேண்டாம். அவர் பாத்திரமாக வந்து நாளைப் பிழையாகச் சொல்லட்டும், அதில் அவருடைய பயம் இருக்கிறது. எழுதுகிறவருக்கு மட்டும் உண்மையான நாள் தெரிந்திருக்கவேண்டும்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. எந்த ஒழுங்கை, என்ன வேலை, எந்த நாட்டில் மகன் என்று எழுதியபின் பெயர் எதற்கு? சனம் கண்டுபிடித்துவிடும். உயிரோடிருக்கும் ஒருவரின் இரகசியம் வந்தால், அச்சுக்குப் போகமுன் அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடவேண்டும் என்பதே என் எண்ணம், அது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும். மச்சாள் பிறகு கதைக்காமல் விடும் துயரத்தை எந்தப் பரிசும் ஆற்றாது.

உரையாடலிலும் கவனம் வேண்டும். ஒரே தொடர்மாடியில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள், சிங்களக் காவலாளி எல்லோரும் இருக்க, அத்தனை பேரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தால் அது கொழும்பு அல்ல. சென்னை நாவல்களை மட்டும் வாசிப்பவர்களிடம் நேர்மாறான குறை: வெள்ளவத்தைப் பெண் சென்னைப் பெண்போலப் பேசுவாள். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னர் கொழும்பிலிருந்து நடத்திய மல்லிகையின் பழைய இதழ்களைத் தேடி, சிறுகதைகளின் உரையாடல்களைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பிறகு உங்கள் பக்கங்களையும் அப்படியே வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களை அங்கேயே பென்சிலால் கோடிட்டு வையுங்கள்.