கூடுகளின் வெற்றியைக் கணக்கிடுவது எப்படி? (நான் சறுக்கிய இடங்களோடு)

முதுகலை ஆய்வுக்காக ஒரு பருவம் முழுக்கப் புதருக்குள் புகுந்து பறவைக் கூடு தேடினேன். "20 கூடுகள், 12இல் குஞ்சுகள் பறந்தன, ஆக 60 சதவீத வெற்றி" என்று எழுதிக்கொண்டு போனால், வழிகாட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ கண்டுபிடிக்கும் முன்பே அழிந்துபோன கூடுகளெல்லாம் எங்கே?"

சிக்கல் அதுதான். முட்டையிட்ட இரண்டாம் நாளே பாம்புக்கு இரையான கூடு நம் கண்ணில் படாது. நீண்ட நாள் தாங்கிய கூடுதான் மாட்டும். அதனால் நேரடிச் சதவீதம் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். இதற்கு வழி சொன்னவர் ஹெரால்டு மேஃபீல்டு. கர்ட்லாண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவையை ஆராய்ந்தவர், 1961இல் இந்த முறையை வெளியிட்டார். கூடுகளை எண்ணாதே, அவை நம் கண்காணிப்பில் இருந்த நாட்களை எண்ணு என்பது அதன் சாரம்.

படி 1: கூட்டைக் கண்ட நாள், ஒவ்வொரு முறை பார்த்த நாள், உள்ளே என்ன இருந்தது என்று குறியுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போனால் போதும். செயலி வேண்டாம், பென்சிலும் நோட்டும்தான் என் கட்சி. மழையில் போன் திரை சொன்னபடி கேட்காது.

படி 2: கூடு-நாட்களைக் கூட்டுங்கள் (ஒரு கூடு ஒரு நாள் கண்காணிப்பில் இருந்தால் ஒரு கூடு-நாள்). 5ஆம் நாள் நன்றாக இருந்த கூடு 9ஆம் நாள் சிதைந்து கிடந்தால், நடுவில் 7ஆம் நாள் அழிந்ததாக வைத்து 2 நாள் மட்டும் சேர்க்க வேண்டும்.

படி 3: அழிந்த கூடுகளை மொத்தக் கூடு-நாட்களால் வகுத்து 1இலிருந்து கழியுங்கள். என் 20 கூடுகளில் 8 அழிந்தன, மொத்தம் 200 கூடு-நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். தினசரிப் பிழைப்பு விகிதம், அதாவது ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு, 0.96. முட்டையிடுவதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை 25 நாள் என்றால் 25 முறை 0.96 எழுதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும் (0.96இன் 25ஆம் அடுக்கு). விடை சுமார் 0.36. அறுபது எங்கே, முப்பத்தாறு எங்கே!

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அப்புறம்தான். காலியான கூட்டைப் பார்த்ததும் "பறந்துவிட்டன" என்று எழுதும் ஆசை வரும். பறக்கும் வயதுக்கு முன்பே காலியென்றால் அது தோல்வி. வயது சரியாக இருந்தாலும் பக்கத்தில் குஞ்சு கத்துகிறதா, தாய் தந்தை இரை சுமந்து போகின்றனவா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கூட்டின் விளிம்பு மிதிபட்டுத் தட்டையாகி எச்சம் ஒட்டியிருந்தால் அதுவும் நல்ல தடயம், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். முடிவே தெரியாத கூட்டுக்கு நடுநாள் கணக்கு வேண்டாம். கடைசியாக உயிரோட்டத்தோடு பார்த்த நாளோடு நிறுத்திவிடுங்கள்.

படி 4: கூட்டின் பிழைப்பில் வாழிடத்தின் பங்கைப் பார்க்க, ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஆர்மார்க் (RMark) தொகுப்பு. முதலில் விரிதாளில் கையால் போட்டுப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், இல்லாவிட்டால் பிழை எங்கே என்றே தெரியாது. இதில் 'ஃபேட்' (கூட்டின் முடிவு) என்ற நெடுவரிசையில் வெற்றிக்கு 0, தோல்விக்கு 1. ஆமாம், தலைகீழ்தான். வெற்றி என்றால் 1 என்று பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெற்றி பெற்ற கூட்டுக்கு 'லாஸ்ட்பிரசென்ட்' (கடைசியாக உயிரோட்டத்தோடு பார்த்த நாள்), 'லாஸ்ட்செக்டு' (கடைசியாகச் சோதித்த நாள்) இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே ஒரு முறை பார்த்த கூட்டை விட்டுவிடலாம், அதில் தகவல் எதுவும் இல்லை.

சேர்க்கை: 20 கூடு போதுமா என்று சிலர் கேட்டார்கள். மேலே உள்ள கணக்கில் தினசரி விகிதத்தின் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) சுமார் 0.014. 95 சதவீத நம்பிக்கை எல்லையை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பை) 25 நாளுக்கு நீட்டினால் 18இலிருந்து 72 சதவீதம் வரை போகிறது. இரண்டு வாழிடங்களை ஒப்பிட இது போதவே போதாது.

இன்னொரு சேர்க்கை: செடிகளின் உயரம், அடர்த்தியை எப்போது அளப்பது? கூடு இயங்கும்போது மிதித்துத் தொந்தரவு செய்யாதீர்கள். ஆனால் அழிந்த கூட்டை அழிந்த உடனேயும், வென்ற கூட்டைக் குஞ்சு பறந்த பிறகும் அளந்தால், இடையில் புல் வளர்ந்துவிடும். உயரமான புல்தான் கூட்டைக் காப்பாற்றியது போலத் தோன்றும். அழிந்த கூட்டையும் அது தப்பியிருந்தால் குஞ்சு பறந்திருக்கும் தேதியில் போய் அளங்கள். என் முதல் பருவத்து அளவுகளை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கி வைத்தேன்.