தாத்தாவையும் பேரனையும் பிரித்த கணக்கு

நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு எண் இருக்கும்: எஸ். முருகேசன், முருகேசன் எஸ், முருகேஷ். போன வருஷ சர்க்கரை அளவைக் கேட்டால் கவுண்டரில் முழிப்போம். சரி என்று பெயரையும் போன் நம்பரையும் வைத்துச் சேர்த்தேன். தாத்தாவும், அவர் பெயரையே சுமக்கும் பேரனும் ஒரே ஆளாகிவிட்டார்கள்!

அப்புறம், ஒரே ஆளின் பதிவுகளை அடையாளம் கண்டு சேர்க்க ஃபெலெகி, சன்டர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1969-இல் எழுதிய முறை கைகொடுத்தது. ஒவ்வொரு விவரமும் பொருந்தினால் மதிப்பெண், மோதினால் கழித்தல். அபூர்வமான பெயர் பொருந்தினால் அதிகம். ஊரெல்லாம் இருக்கும் முருகேசனுக்குக் குறைவு. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் தானாகச் சேரும், இரண்டுங்கெட்டானாக நிற்பதை மட்டும் நானே பார்ப்பேன். பிறந்த தேதி மோதியதும் பேரன் தனியே வந்துவிட்டான்.

சரியான தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று பதிந்த பிறந்தநாள்காரர்கள்தான் இன்னும் படுத்துகிறார்கள். அந்தத் தேதிக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று வைத்துவிட்டேன்.